நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாட்டுச் சரளம்: ஒரு போன், ஒரு டிவி, தினமும் ஏழு நிமிடம்

"ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டால், ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து, ஏழாவது படியில் நின்று "ஐம்பத்தாறு" என்று சொல்லும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? என் நான்காம் வகுப்பில் 34 பேர். அவர்களில் பாதிக்கும் மேல் அப்படித்தான். ஒப்பிக்கச் சொன்னால் எல்லோருக்கும் கடகடவென்று வரும், நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கேட்டால் நின்றுவிடும். அந்தப் பிள்ளைக்கு இரண்டிலக்கப் பெருக்கல் நடத்தும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது, பாடி முடிப்பதற்குள் எந்த இலக்கத்தில் இருந்தோம் என்பது மறந்துபோகிறது, நாம் "இவனுக்குக் கணக்கே வராது" என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். இதைச் சரிசெய்ய இரண்டு வருடம் பல ஆப்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன், என் கைக்காசும் பிள்ளைகளின் நேரமும் போனது. கடைசியில் உருப்படியாக நின்ற முறையை மட்டும் இங்கே எழுதுகிறேன். தொழில்நுட்பம் பாடம் நடத்தும் என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் நிற்கிறது என்று காட்டுவதற்கும், கலைத்துப்போட்ட கணக்குகளைச் சலிக்காமல் தினமும் கேட்பதற்கும் அதைப் பயன்படுத்துங்கள். அந்த இரண்டையும் 34 பேருக்கும் தினமும் கையால் செய்ய நம்மால் ஆகாது.

1. பட்டியலைச் சுருக்குங்கள்

ஆப் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒன்று முதல் பத்து வரை வாய்ப்பாட்டில் 100 கணக்கு இருக்கிறது. 3 × 7, 7 × 3 இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றை ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அவற்றையும் கழித்தால் மீதி 21. ஒன்பதுக்கு ஒரு வழி இருக்கிறது: பத்து மடங்கில் ஒரு மடங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும், 9 × 7 என்றால் 70இலிருந்து 7 போக 63. நான்குக்கும் வழி உண்டு, இரட்டித்ததை இன்னொரு முறை இரட்டிப்பது. இவை போனால் மிஞ்சுவது வெறும் பத்து: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8.

இந்தப் பத்தையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, "இவ்வளவுதான் பாக்கி" என்று காட்டினேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "பத்துதானா டீச்சர்?" என்று கேட்டான். அதுவரை அவன் வாய்ப்பாட்டை முடிவே இல்லாத ஒன்றாக நினைத்திருந்தான். இந்த ஒரு நாளைத் தவறவிடாதீர்கள்.

இங்கே நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் "ஈரேழு பதினாலு" என்று சொல்லும்போது இரண்டு முதலில் வருகிறது. ஆப்களும் ஆங்கில வழி வாய்ப்பாடும் ஏழாம் வாய்ப்பாட்டை 7 × 1, 7 × 2 என்று போடும். "ஈரேழு" என்றால் பட்டென்று சொல்லும் பிள்ளை, திரையில் 7 × 2 வந்ததும் விழிக்கும். தெரியாமல் விழிக்கவில்லை, திருப்பிப் பார்த்துப் பழகவில்லை, அவ்வளவுதான். அதனால் புளியங்கொட்டையை ஒரு தட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு என்று அடுக்கி, போனில் படம் எடுத்து, டிவியில் காட்டுங்கள். அப்புறம் அதே படத்தைக் குறுக்கே திருப்புங்கள். இப்போது ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று. கொட்டை ஒன்றுகூட மாறவில்லை. இரண்டு நாள், நாளுக்குப் பத்து நிமிடம் இதற்குக் கொடுத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

2. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஒருமுறை கேளுங்கள்

இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். மேலே சொன்ன 21 கணக்கையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, பிறகு கேட்டு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது பேர் என்று நான்கு நாளில் முடித்தேன்.

மூன்றே குறி போதும். எண்ணாமல் மூன்று வினாடிக்குள் வந்தால் "உ", அதாவது உடனே. விரல்விட்டோ கூட்டியோ வழி கண்டுபிடித்துச் சரியாகச் சொன்னால் "வ", அதாவது வழி தெரியும். வரவேயில்லை அல்லது தப்பு என்றால் வெற்றிடம். சரி தவறு என்று இரண்டே குறி போட்டால் இந்தச் சோதனையின் பயனெல்லாம் போய்விடும், ஏனென்றால் "வ" வாங்கும் பிள்ளைக்குத் தேவை பயிற்சி, வெற்றிடம் வாங்கும் பிள்ளைக்குத் தேவை கொட்டையும் மணியும் வைத்துப் புரியவைப்பது. இரண்டும் வேறு வேறு மருந்து.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவியிடம். அப்போது நாங்கள் பயன்படுத்திய ஓர் ஆப் மூன்று வினாடி தாண்டினால் தப்பு என்று சிவப்பைக் காட்டும். அவளுக்கு வரிசையாகச் சிவப்பு, மூன்றாம் நாள் பள்ளிக்கே வரவில்லை. தனியாகக் கூப்பிட்டு 7 × 8 அட்டையைக் காட்டினேன். உதடு அசைந்தது, வலது கை பாவாடை மடிப்பில் மெல்லத் தட்டியது. "அஞ்சேழு முப்பத்தஞ்சு… நாப்பத்திரண்டு… நாப்பத்தொன்பது…" இருபது வினாடிக்கு மேல் ஆனது, ஆனால் ஐம்பத்தாறு என்று சரியாக வந்து நின்றாள். தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததைக் கட்டி எழுப்பத் தெரிந்த பிள்ளை. வகுப்பிலேயே நல்ல கணக்கறிவு அவளுக்குத்தான். அந்த ஆப் மூன்று நாளாக அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது, நானும் அதை நம்பியிருந்தேன்.

பிள்ளை விரல்விட்டால் கையைத் தட்டிவிடாதீர்கள். விரல் ஒளிந்துகொள்ளுமே தவிர நிற்காது, உங்களுக்குக் கிடைக்க வேண்டிய தகவலும் அதோடு மறைந்துவிடும்.

3. காகித வேலைகளை முன்னமே முடியுங்கள்

இதற்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். நான் கடைசியில் செய்ததால் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது.

முதலில் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: எந்த ஆப், எந்த வகுப்பு, தினமும் எத்தனை நிமிடம், யார் சாதனம், செலவு யாருடையது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வரித் தீர்மானமாக ஏற்றிவிடுங்கள், பின்னால் யாராவது "பிள்ளைங்க கையில போனைக் குடுக்கறாங்க" என்று புகார் சொன்னால் அது உதவும். ஸ்பீக்கர், ஸ்டாண்டு என்று எது வாங்கினாலும் பில்லோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள், கைக்காசில் வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்திருந்தால் அதையும் அப்படியே குறிப்பிட்டு எழுதுங்கள்.

அடுத்தது பெற்றோர் ஒப்புதல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கொள்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதனால் தமிழில், பெரிய எழுத்தில், நான்கு வரியில் ஒரு படிவம் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள். பெற்றோர் கூட்டத்தன்று வாங்கினால் ஒரே நாளில் முக்கால்வாசி வந்துவிடும். மீதியை வாங்கத்தான் ஒரு வாரம் அலைய வேண்டியிருக்கும்.

ஆப்பில் பிள்ளையின் முழுப் பெயர், எமிஸ் எண் (கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்), பிறந்த தேதி, புகைப்படம் எதையும் ஏற்றாதீர்கள். "4-01, 4-02" என்று வருகைப் பதிவேட்டு எண் போதும், எந்த எண் யாருடையது என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஜிமெயில் கணக்கு தொடங்கித் தரவும் வேண்டாம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர் தாமாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, வயதைக் கூட்டிப் போட்டுத் தொடங்குவது தப்பு. பிள்ளைகள் ஒவ்வொருவரும் மின்னஞ்சல் கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்கும் ஆப் தொடக்கப்பள்ளிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுங்கள்.

4. கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை

ஐந்து நிமிடம் நீங்களே விளையாடிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை கணக்குக்கு விடை சொன்னீர்கள் என்று எண்ணுங்கள். குதிரை ஓடுகிறது, பெட்டி திறக்கிறது, காசு கொட்டுகிறது என்று இருக்கும் பல விளையாட்டுகளில் எட்டுப் பத்துக் கணக்குதான் தேறும். வெறும் எண் மட்டும் வரும் சாதாரண ஸ்லைடில் ஐம்பது அறுபது தேறும். பிள்ளைக்கு விளையாட்டுப் பிடிக்கும் என்பது உண்மைதான், வெள்ளிக்கிழமை பிற்பகல் விளையாடட்டும். பயிற்சி என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தைக் குதிரைக்குக் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பதைப் பொறுத்து வழி மாறும்.

டிவியோ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் ஸ்லைடு, அதுதான் அடித்தளம். ஸ்மார்ட் போர்டில் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துத் தொடவைக்காதீர்கள், ஒருவர் தொட 33 பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

உங்கள் போன் அல்லது அரசு கொடுத்த கைக்கணினி ஒன்று இருந்தால் பிளிக்கர்ஸ் என்ற ஆப். இதில் பிள்ளைகளுக்குச் சாதனமே வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை, அட்டையில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஓர் உருவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் மெல்ல ஓட்டினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் உருவமும் வேறு, எழுத்தும் சின்னது, அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதும் வேலை நடக்காது. இணையம் வேண்டும். இலவசக் கணக்கில் சில வரம்புகள் உண்டு என்றாலும் நமக்கு ஒரு நாளைக்கு ஐந்து கேள்விதான் தேவை.

பக்கத்து நடுநிலைப்பள்ளியின் கணினி அறையை வாரம் இரண்டு முறையாவது பயன்படுத்தக் கிடைத்தால் எக்ஸ்ட்ராமேத் என்ற பயிற்சித் தளத்தைப் பாருங்கள். லாப நோக்கமற்ற நிறுவனம் நடத்துவது, ஆசிரியர் இலவசமாக வகுப்பு தொடங்கலாம், கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் நான்கும் உண்டு, எந்தக் கணக்கு தேறியது என்று கட்டம் போட்டுக் காட்டும். வேகத்தின் அளவை ஆசிரியர் மாற்றலாம், தளர்வான அளவில் தொடங்குங்கள். பேச்சு தமிழில் இல்லை, அதனால் முதல் இரண்டு முறை நீங்கள் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும்.

வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கும் பிள்ளைக்கு ஆங்கிட்ராய்டு என்ற ஆப் நல்லது. இலவசம், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும், தெரிந்த அட்டையைத் தள்ளித் தள்ளியும் தெரியாத அட்டையை அடிக்கடியும் காட்டும். ஆனால் இதை எல்லோருக்கும் வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டு இரவு எட்டரைக்குத் திரும்பும் வீடுகள்தான் நம்மிடம் அதிகம்.

5. அட்டை தயாரிப்பு: செலவும் ஒரு பொறியும்

பிளிக்கர்ஸ் தளத்தில் 40 அட்டை கொண்ட தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, வகுப்பு பெரிதாக இருந்தால் 63 அட்டைத் தொகுப்பும் உண்டு. ஒரு தாளுக்கு இரண்டு அட்டை, ஆக 40 அட்டைக்கு 20 தாள். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு 2 ரூபாய், மொத்தம் 40. ஒட்டுவதற்குக் கெட்டி அட்டை 80 ரூபாய், பசை 30. போன் ஸ்டாண்டு 250 ரூபாய்க்கு வாங்கினேன், அது இல்லாமலும் ஓட்டலாம். எல்லாம் சேர்த்து 400.

பொறி லேமினேஷனில் இருக்கிறது. நீண்ட நாள் உழைக்கட்டும் என்று முதல் முறை பளபளப்பான லேமினேஷன் போட்டு 600 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். வகுப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அட்டை கண்ணாடி மாதிரி மின்னியது, கேமராவுக்குப் பாதி அட்டை தெரியவேயில்லை. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அல்லது மினுமினுப்பில்லாத மேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். அட்டை கிழிந்தால் இரண்டு ரூபாயில் இன்னொன்று.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். பிள்ளைகள் அட்டையைப் பிடிக்கும்போது விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்துவிடும், அதனால் ஓரத்தை மட்டும் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், இதற்கே ஒரு நாள் போகும். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கும்படி கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் குழப்பம் வரும்.

நான்கு விடைகளைக் கொடுக்கும்போது ஏனோதானோ என்று எண்களைப் போடாதீர்கள். 7 × 8 என்றால் 56, 54, 63, 48. பிள்ளைகள் உண்மையிலேயே தடுமாறும் எண்கள் இவைதான். 12, 100 என்று போட்டால் தெரியாத பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும்.

6. ஸ்லைடு செய்யும் முறை

பவர்பாயிண்ட் அல்லது லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ், எதுவானாலும் சரி. ஒரு ஸ்லைடில் கேள்வி மட்டும், திரை நிறைய. அடுத்ததில் விடையோடு. படம், பூ, அனிமேஷன் எதுவும் வேண்டாம். பவர்பாயிண்டில் டிரான்சிஷன்ஸ் பகுதியில் "ஆஃப்டர்" என்ற இடத்தில் நேரத்தைக் கொடுத்து, மவுஸ் கிளிக் என்பதை எடுத்துவிடுங்கள், தானாக நகரும்.

முதல் இரண்டு வாரம் கேள்விக்கு 6 வினாடி, விடைக்கு 2 வினாடி. அப்புறம் 4. கடைசியாக 3. எடுத்தவுடன் 3 வினாடியில் ஆரம்பித்தால் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு விடை வரும்வரை காத்திருந்து எழுதப் பழகிவிடும்.

ஒரு தொகுப்புக்கு 20 கேள்வி. அதில் புதியவை மூன்றுக்கு மேல் வேண்டாம், அந்த மூன்றையும் இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்பச் செருகுங்கள், மீதியெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்ததே நிறைய வருகிறதே என்று தோன்றும். அந்தப் பிள்ளை இருபதில் பதினைந்துக்கு விடை எழுதிவிட்டு நிமிர்ந்து உட்காருவதைப் பாருங்கள், அந்த நிமிர்வில்தான் மிச்சம் ஐந்து உள்ளே போகும். ஒரு தொகுப்பைச் செய்து முடித்ததும் ஸ்லைடுகளைக் கலைத்து ஐந்து பிரதி எடுத்து வையுங்கள், நாளுக்கு ஒன்று. கலைக்காமல் ஓட்டினால் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு வரிசையை மனப்பாடம் செய்துவிடும்.

கணினி இல்லாத வகுப்பென்றால் பவர்பாயிண்டின் எக்ஸ்போர்ட் பகுதியில் போய் வீடியோவாக மாற்றி, பென் டிரைவில் போட்டு டிவியில் செருகுங்கள். யூடியூபில் இருக்கும் வாய்ப்பாட்டு வீடியோவை வகுப்பில் நேரடியாக ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள், நடுவில் என்ன விளம்பரம் வரும் என்று உங்களால் சொல்ல முடியாது.

குரல் சேர்ப்பதாக இருந்தால் உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். எழுபது, எண்பது இரண்டும் பிள்ளைகள் காதில் ஒன்றாகவே விழுகின்றன. தொண்ணூறை எண்பதுக்கு அடுத்தது என்று பிடிக்கவும் சிலருக்குச் சிரமம். நிறுத்தித் தெளிவாகச் சொல்லும் பழகிய குரல் உதவும்.

7. தினசரி ஏழு நிமிடம்

காலை இறைவணக்கம் முடிந்து வருகை எடுத்தவுடன் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் வைத்தால் பாதி நாள் விட்டுப்போகும். காலை உணவு சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள், மனமும் அப்போது நன்றாக ஓடும்.

முதல் நிமிடம் ஒரு வழி மட்டும் பேசுவது: "6 × 7 மறந்துபோச்சு, 5 × 7 தெரியும், இப்ப என்ன செய்யலாம்?" ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் கேட்கட்டும். அடுத்த மூன்று நிமிடம் ஸ்லைடு. விடையை வாயால் சொல்லவிடாமல் சிலேட்டில் எழுதவையுங்கள். கூட்டாகச் சொன்னால் முன்வரிசையில் ஐந்து பேர் சொல்வார்கள், 29 பேர் அரை வினாடி பின்னால் வாயசைப்பார்கள், உங்களுக்கு எல்லோரும் சொன்ன மாதிரியே கேட்கும். கடைசி மூன்று நிமிடம், முதல் சோதனைக்கு எழுதியது போன்ற கணக்கு அட்டைகளை ஜோடியாகக் கேட்பது. "வ" வாங்கிய கணக்குகள் மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் அட்டைக்கட்டில் இருக்கும், பக்கத்துப் பிள்ளை கேட்கும்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் ஜோடி வேலைக்குப் பதில் பிளிக்கர்ஸ். தினமும் வைத்தால் நேரம் இழுக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு, நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. அதனால் கேள்வியை மட்டும் முதலில் காட்டி, சிலேட்டில் எழுதச் சொல்லி, அப்புறம் நான்கு விடைகளைக் காட்டி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். சிலேட்டும் அட்டையும் ஒத்துப்போகாத பிள்ளையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்று பெயர்களைத் திரையில் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். முதல் மூன்று இடம் எப்போதும் அதே மூன்று பிள்ளைகளுக்குத்தான் போகும், கடைசி மூன்று இடமும் அப்படித்தான். போன வாரம் உனக்கு 12 கணக்கு உடனே வந்தது, இந்த வாரம் 14 என்று அந்தப் பிள்ளையின் காதில் சொல்லுங்கள்.

8. பதிவுத்தாள்

கூகுள் ஷீட்ஸில் ஒரே தாள். இடப்பக்கம் பிள்ளைகளின் எண்கள், மேலே 21 கணக்கு. இரண்டாம் படியில் எடுத்த "உ", "வ", வெற்றிடம் மூன்றையும் நிரப்பி, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் "உ" என்றால் பச்சை, "வ" என்றால் மஞ்சள் என்று கொடுத்துவிடுங்கள். திறந்த நொடியில் படம் தெரியும். எனக்கு முதலில் கண்ணில் பட்டது, பிள்ளைகளைவிடக் கணக்குகள்தான்: 6 × 8, 7 × 8 இரண்டுக்கும் கீழே மேலிருந்து அடிவரை ஏறக்குறைய வெள்ளை. அந்த வாரம் வேறெதையும் தொடாமல் அந்த இரண்டை மட்டும் எடுத்தேன்.

வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம் போதும். பிளிக்கர்ஸில் இரண்டு முறை தொடர்ந்து சரியாக வந்து, ஜோடி அட்டையிலும் உடனே வந்தால் பச்சை. ஒருமுறை சரியாக வந்ததும் பச்சை போட ஆசை வரும், போடாதீர்கள். நான்கில் ஒன்று குருட்டாம்போக்கிலும் சரியாக வரும்.

"எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருப்பீர்கள். இந்தத் தாளை அதோடு ஒட்டவைக்க முயலாதீர்கள். மலர் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 6 × 7 தெரியாமல் இருக்கும், அரும்பில் இருக்கும் ஒரு பிள்ளை எட்டாம் வாய்ப்பாடு முழுக்கச் சொல்லும். இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

9. கணினி அறைக்குப் போகிறவர்களுக்கு

பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்து உள்ளே போவதற்கே பாதி வகுப்பு முடிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையின் லாகின் விவரத்தையும் சின்னச் சீட்டில் எழுதி, கணிதக் குறிப்பேட்டின் பின் அட்டைக்குள் ஒட்டிவிடுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று: முதல் நாள் கணக்கே கொடுக்காதீர்கள். திரையில் 42 என்று காட்டி, 42 என்று அடிக்கச் சொல்லுங்கள். விசைப்பலகையில் 4 எங்கே என்று தேடவே சில பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வினாடி ஆகும். அந்தப் பிள்ளையின் வேகத்தை ஆப் அளந்தால் அது விரலின் வேகம்தான். ஒரு வாரம் எண் தட்டப் பழக்கிவிட்டு, அப்புறம் ஒரு கணக்குக்குத் தரும் வினாடிகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

10. எத்தனை நாள் ஆகும், நகராத பிள்ளைக்கு என்ன செய்வது

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் காகித வேலைக்கும் தனித்தனிச் சோதனைக்கும். ஜூலை முதல் வாரம் ஸ்லைடு தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் பெரும்பாலானோர் தாளில் முக்கால்வாசி பச்சையாகிவிடும். என் வகுப்பில் அப்படித்தான் ஆனது. காலாண்டு விடுமுறையில் கொஞ்சம் மஞ்சளுக்குத் திரும்பும், அரையாண்டு விடுமுறையிலும் அப்படியே. திறந்த முதல் வாரம் புதியது எதையும் சேர்க்காமல் பழைய தொகுப்பையே ஓட்டுங்கள், நான்கைந்து நாளில் மீண்டுவிடும்.

எட்டு வாரம் ஆகியும் தாளில் வெள்ளை மாறாத பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஸ்லைடைக் கூட்டுவது உதவாது. கீழே இறங்கிப் பாருங்கள்: 8 + 5 கேட்டால் ஒன்றிலிருந்து எண்ணுகிறதா? ஆம் என்றால் அந்தப் பிள்ளைக்குப் பெருக்கலை நிறுத்திவிட்டு, பத்துக் கட்டத்தில் மணி வைத்துப் பத்தாக்கிக் கூட்டும் வேலைக்குப் போங்கள், அதற்கே ஒரு மாதம் கொடுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து திரை சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள், என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் 6க்கும் 8க்கும் வித்தியாசமே தெரிந்தது. இவை இரண்டும் இல்லை, எழுதும்போது 12ஐ 21 என்று மாற்றுகிறது, நேற்று வந்தது இன்று சுத்தமாக இல்லை என்றால், பதிவுத்தாளையும் முதல் நாள் ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள். "கணக்கு வரல" என்று வெறும் வாயால் சொல்வதற்கும், எட்டு வாரத் தாளை முன்னால் வைப்பதற்கும் கிடைக்கும் கவனம் வேறு.

பாவாடை மடிப்பில் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஜோடி அட்டை நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அவள்தான் கேட்கிறாள். விடை வராமல் நிற்கும் பிள்ளையிடம், "அஞ்சேழுல இருந்து வா" என்கிறாள்.